வெட்டு சாய்ந்த பக்கம்

பிளேன்டீக்கு நன்றி, ஜஸீல் சேர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. வாக்குமூலத்தை நீங்களே தமிழில் எழுதிக்கொள்வது நல்லதாகப் போயிற்று. சிங்களம் எனக்கு நன்றாக வரும். ஆனால் இதைச் சிங்களத்தில் சொன்னால் அவசரத்தில் ஏதாவது விட்டுப்போகும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் முதல் பஸ்ஸிலேயே வந்தேன்.

என் பெயர் யோகராஜ். தெஹியோவிட்ட டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் எடுப்பேன். ஆனால் என் தொழில் கம்ப்யூட்டரில் மனிதர்களைச் செய்வது. வெட்டி ஒட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மண்டையோட்டில் தொடங்கி, சதை வைத்து, தோல் போர்த்தி, ஒவ்வொரு மயிராக நட்டு, வெளிச்சம் போட்டு, இல்லாத ஆளை இருக்கிற ஆளாக்க வேண்டும்.

இந்திரகுமாரும் அதைத்தான் செய்தான். நாங்கள் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வீடுகள். கேகாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் ஒன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு நான் கொழும்பில் மேலே படித்தேன், அவன் படிக்கவில்லை. என்னிடம் இருப்பது புது மெஷின். அவனுடையது சூடேறி அணைந்துபோகும், பக்கத்தில் காற்றாடி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வான்.

எங்கள் தோட்டத்து வயசாளிகளுக்கு அடையாள அட்டையைத் தவிர வேறு படம் இருக்காது. ஆள் போய்ச் சேர்ந்ததும், பதினாறாம் நாள் கருமாதிக்கு மாலை போட ஒரு முகம் வேண்டும். அந்த நகத்தளவு படத்தை வைத்து முழு ஆளையும் எழுப்பிக் கொடுப்போம். தோட்டத்துச் சனம் முகத்துக்கு நேரே குறை சொல்லாது. படம் சரியில்லை என்றால் "நல்லாருக்கு தம்பி" என்பார்கள். சரியாக இருந்தால் நம்மை மறந்துவிட்டுப் படத்தோடு பேசத் தொடங்குவார்கள். இந்திரகுமாரின் படத்தை எல்லாரும் திட்டினார்கள், கும்பிட்டார்கள், கேள்வி கேட்டார்கள். எனக்கு ஒன்பது வருடமாக நல்லாருக்கு மட்டும்தான்.

என் அம்மா செத்தபோது நானே செய்தேன். ஒரு வாரம் வேறு வேலை எடுக்கவில்லை. அக்கா ஜீவராணி பார்த்துவிட்டு, "நல்லாருக்குடா" என்றாள். கருமாதிக்கு முதல் நாள் இந்திரகுமார் ஒரு படத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். அக்கா அதைப் பார்த்தாள். "பாவி, அந்த மாத்திரைய ஏம்மா முழுங்காம துப்புன?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் அக்கா வீட்டில் மாட்டியிருப்பது அவன் படம்தான். என்னுடையது அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

"நீ அம்மாவ அழகாக்கிட்டடா. அவங்களுக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னது. நீ ரெண்டையும் ஒண்ணாக்கிட்ட" என்று இந்திரகுமார் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். என் தாயின் கண்ணை அவன் கவனித்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. அன்று எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதனால்தான் செய்தேன் என்று எழுத வேண்டாம். பொறாமை பிடித்தவனுக்கு வேலை ஓடாது. எனக்கு ஓடியது.

அவன் எதையும் ஒளித்து வைத்ததில்லை. தோல் சுவர் மாதிரி இல்லை, வெளிச்சம் உள்ளே போய்ச் சிவந்து வெளியே வரும் என்று காட்டிக்கொடுத்ததே அவன்தான். "நம்பலன்னா வெயிலுக்கு எதிரா ஒருத்தன் காதப் பாரு" என்றான். நான் அவன் காதையே பார்த்தேன். உன்னை வைத்தே பழகுகிறேன் என்றபோது சந்தோஷப்பட்டான். மூன்று ஞாயிற்றுக்கிழமை என் கடை முற்றத்து வெயிலில் சட்டையில்லாமல் நின்றான். திரும்பச் சொன்ன பக்கம் திரும்பினான். கோபப்படச் சொன்னேன், சிரித்துக்கொண்டே கோபப்பட்டான். கோபம் வந்தால் அவன் வலது காலை ஊன்ற மாட்டான். சின்ன வயதில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி விழுந்த கால் அது. அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த ஆளைச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. முடிந்த அன்று திரையில் அவன் நின்றான். எனக்கே பேச்சுக் கொடுக்கலாம் போல இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறவனைச் செய்தால் யாரிடம் காட்டுவது? அவனிடமே காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவானோ என்று பயம். அதனால் காட்டவில்லை.

அப்போதுதான் எங்கள் தோட்டத்துக் கிழவர் சின்னத்தம்பி செத்தார். ரப்பர் மலையில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தலைகுப்புற விழுந்து கிடந்தார். வழுக்கி விழுந்திருக்கிறார் என்று டாக்டர் எழுதினார், அது உண்மைதான். அவருடைய இரண்டு மகன்மாருக்கும் மனம் ஆறவில்லை. போன மாதம் ஒரு பலாமரத்துக்காக அவரும் இந்திரகுமாரும் வாய்ச்சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது.

நான் ரப்பர் மலைக்குப் போய் இடத்தைப் படம் பிடித்தேன். அதை வைத்துச் செய்த வீடியோ பதினொரு விநாடிதான் சேர். ஒரு கிழவரின் முதுகு, எதிரே இந்திரகுமார், ஒரு தள்ளு. என் ஆளுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தது, மலையில் வலது பக்கத்திலிருந்து விழுந்தது. ஏழு மாத வேலையை மாற்ற மனமில்லை. மலையைத்தான் இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். ரப்பர் மலை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதானே. புது நம்பரிலிருந்து தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். யாராவது ஒருவர் இது பொம்மை என்று சொல்கிறாரா பார்ப்போம் என்றுதான் இருந்தேன். சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் தோட்டத்து ஸ்டோருக்குப் பக்கத்தில் மகன்மார் இரண்டு பேரும் மண்வெட்டிப் பிடியோடு அவனை மறித்தார்கள். ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள், நானும் நின்றேன். போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அவன் பார்த்தான். "நான்தான்..." என்றான். பிறகுதான், "ஆனா நான் அங்க போகலையே" என்றான். முதல் சொல்லுக்குப் பிறகு எதுவும் யார் காதிலும் விழவில்லை. அவன் மட்டும் போனைக் கிட்ட இழுத்து ஓர் இடத்தை உற்றுப் பார்த்தான். காதைத்தான் பார்த்தான், எனக்குத் தெரியும். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினான். கண்டுபிடித்தும் விட்டான். அவன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் ஓங்கிய மண்வெட்டிப் பிடியைக் கீழே போட்டிருப்பார்கள். நான் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போனது. அவன் அம்மா சுப்பம்மா என் கடைக்கே வந்து, "வேற யாருகிட்டப்பா போவேன், நீதான் செஞ்சி குடுக்கணும்" என்றார்கள். எனக்கு அதிக வேலை இருக்கவில்லை, ஆள் தயாராகத்தான் இருந்தான். பதினாறாம் நாள் படத்தை வைத்தேன். சுப்பம்மா பார்த்தார்கள். "ஏண்டா, போட்ட சோத்த அப்பிடியே வச்சிட்டுப் போனியே" என்று ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. நான் ஒருவன் நிற்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் அப்பா இருளப்பன் நாற்பது வருடம் பால் வெட்டியவர். மகனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அந்த வீடியோவில் மரங்களை மட்டும் பார்த்திருக்கிறார். "எந்த மடையன் இப்பிடி வெட்டுவான்? வெட்டு எடது மேல தொடங்கி வலது கீழதான எறங்கும், இதுல எல்லா மரத்துலயும் மாறிக் கெடக்கு" என்றிருக்கிறார். நீங்கள் மலைக்குப் போய்ப் பார்த்தீர்கள், அவர் சொன்னது சரி. ரப்பர் மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆளைப் பார்த்த கண்ணால் மரத்தைப் பார்க்கவில்லை.

முந்தாநாள் உங்கள் ஆள் ஒருவர் என் கடைக்கு வந்தார். இதை யாரால் செய்ய முடியும் என்று கருத்துக் கேட்கத்தான் வந்தார். இந்திரகுமாரின் மனைவி ஷாமிளாவும் கூட வந்திருந்தாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "யோகராஜ் அண்ணன கஷ்டப்படுத்தாதீங்க சேர். அண்ணன் செய்றது பொம்ம மாதிரி இருக்கும். இது அவர் கைக்கு வராது. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இப்பிடி வரும், இல்லாட்டி கொழும்புல யாரோ பெரிய ஆளு." என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். உங்கள் ஆள் சிரித்துக்கொண்டே குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

ஆக, நான் தப்பிவிட்டேன். நேற்றுக் கடையைத் திறந்து இரண்டு பேருக்கு அடையாள அட்டைப் படம் எடுத்தேன். மூன்றாவது ஆள் உட்காரும்போது என்னால் முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் காரணம். கொழும்புக்காரன் யாரும் இல்லை. சின்னத்தம்பியை யாரும் தள்ளவில்லை. இந்திரகுமாரைக் கொன்றது நான். எலும்பிலிருந்து தோல்வரை எல்லாம் இந்தப் பென் டிரைவில் தேதியோடு இருக்கிறது, ஷாமிளாவுக்கும் ஒரு தடவை காட்டுங்கள். மரத்தில் பிழை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆளில் ஒரு பிழை காட்டச் சொல்லுங்கள் சேர், பார்ப்போம்.

எங்கே கையெழுத்து? இங்கேயா? தாருங்கள். அந்த வீடியோவில்தான் போட முடியாமல் போய்விட்டது.