ஹெடரில் இருந்த பெயர்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் பாஸ்வேர்டை என்னிடம்தான் கேட்பார்கள், இன்ஸ்பெக்டர் சேர். கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் கடை எத்தனையோ இருக்க, இஹ்ஸானிடம் கொடுத்தால் வெளியே போகாது என்று எனக்கு ஒரு பேர். கட்டாரில் இருக்கிற புருஷனுக்குப் பெண்சாதி என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். அவன் என்ன பதில் போட்டான் என்பதும் தெரியும். அதில் ஒரு சொல் என் வாயால் வந்ததில்லை. இதை முதலில் சொல்லிவைத்தால்தான் மற்றதை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்வீர்கள்.

ஸமட் ஹாஜியாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளிவாசலின் தலைவர். தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் நடத்துகிறார். அங்கே கம்பியூட்டர்களைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தது நான். ஒன்று என் தங்கச்சி றுமானாவுக்கு, அவள்தான் அங்கே கிளார்க். மற்றது நஸீறாவுக்கு, பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளுகிறவள். எது யாருடையது என்று குழம்பக் கூடாதென்று ஒவ்வொரு மெசினுக்கும் அவரவர் பெயரையே வைத்தேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

காப்பகத்துக்கு உதவி செய்யும் தோஹாக்காரர் ஒருவருக்கு ஒரு மெயில் போனது. எழுதியவரின் பெயர் இல்லை. காப்பகத்தின் பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள், ஒரு பிள்ளை கை வெந்து திரும்பி வந்தது என்று இருந்தது. தோஹாக்காரர் அதை அப்படியே ஹாஜியாருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் போனோடு கடைக்கு வந்தார்.

“தம்பி, இத ஆர் எழுதின எண்டு பாத்துச் சொல்லேலுமா?”

“இதுல பாக்கேலா ஹாஜியார். இது உங்களுக்கு வந்த மெயில். அவருக்கு வந்த மெயிலுட ஹெடர் வேணும்.”

ஹெடர் என்றால் ஒவ்வொரு மெயிலுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பகுதி, சேர். மெயில் போகிற வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை விழும், புதியது பழையதற்கு மேலே. ஆகவே கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அடியில் இருப்பதுதான் புறப்பட்ட இடம், அனுப்பிய மெசினின் பெயரும் அதில் விழும். சும்மா ஃபோவேட் பண்ணினால் அந்தப் பகுதி கழன்றுபோகும். மறைந்திருக்கும் பகுதியை எப்படித் திறப்பது, முழு மெயிலையும் எப்படி ஃபைலாக இணைத்து அனுப்புவது என்று தோஹாக்காரருக்குப் படிப்படியாக எழுதினேன். நல்ல பொறுமைசாலி. சொன்னபடியே செய்து என் முகவரிக்கு அனுப்பினார்.

அடிவரியில் றுமானா என்று இருந்தது.

புது முகவரி ஒன்று திறந்திருக்கிறாள். ஆனால் அனுப்பியது ஒஃபிஸ் மெசினில் நான் போட்டுக் கொடுத்த மெயில் புரோகிராமால். கடிதத்தின் கீழே பெயர் போடாவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா மௌத்தான பிறகு தகப்பன் இடத்தில் நின்று றுமானாவின் வீட்டை நான் கட்டினேன். தங்கச்சிக்கு வீடு வைக்காத கூடப்பிறந்த காக்காவை ஊர் ஓர் ஆளாகவே மதிக்காது. வீடு முடிந்து பெயின்ட் அடிப்பதுதான் மிச்சம். பேசியிருந்த மாப்பிள்ளை ஹாஜியாரின் தங்கச்சி மகன். அந்த ஒரு வரியை ஹாஜியார் பார்த்தால் கல்யாணம் நிற்கும். எதனால் நின்றது என்று தெரிந்த பிறகு வேறு எவன் வருவான்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அக்கரைப்பற்றில் வேறொருவனிடம் கொண்டுபோயிருப்பார். அவனும் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பான்.

ஹெடர் என்பது வெறும் எழுத்துதான், சேர். றுமானா என்று இருந்த இடத்தில் நஸீறா என்று போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. பிறகு ஹாஜியாருக்கு அனுப்பினேன்.

ஏன் நஸீறா? யோசிக்காமல் செய்யவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கவில்லை. வாப்பா இல்லை, காக்கா தம்பி இல்லை. உம்மா ஸுல்பிகா சுனாமிக்குப் பிறகு வெளியூரிலிருந்து வந்து வீட்டுத் திட்டத்தில் குடியேறியவர். நின்றுபோக அவளுக்கு ஒன்றும் இல்லை. வேலை போகும், வேறு வேலை தேடிக்கொள்வாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்று நினைத்தேன்.

பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். தாய்வழிக் குடிக்கு ஒருவராகச் சபையின் மரைக்காயர்மார் இருந்தார்கள். நஸீறாவின் குடிக்கு அந்தச் சபையில் ஆள் இல்லை. ஹெடரைப் பிரின்ட் எடுத்து, எப்படி வாசிப்பது என்று விளக்கினேன். நஸீறா என்று நான் வாயால் சொல்லவே இல்லை. அடிவரியைப் பாருங்கள் என்றேன், அவர்களே வாசித்தார்கள்.

“இஹ்ஸான் காக்கா, எனக்கு மெயில் அனுப்பத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே,” என்றாள் அவள். “கம்பியூட்டர் தொறக்கவே நீங்கதானே காட்டித் தந்த.”

பிறகு, குர்ஆனைத் தாருங்கள், சத்தியம் செய்கிறேன் என்றாள். கை கால் முகம் கழுவி வுழூ செய்துவிட்டு வந்து, தொட்டுச் சத்தியம் செய்தாள். எங்கள் ஊரில் சத்தியம் வந்தால் வழக்கு முடிந்தது என்பதுதான் வழமை. அன்றைக்கு முடியவில்லை. பெரிய மரைக்காயர் என்னைப் பார்த்தார்.

“கடதாசி பொய்யா தம்பி, இந்தப் புள்ள பொய்யா? நீங்களும் சத்தியம் பண்ணுவீங்களா?”

“மெசின் சொல்றதுக்கு நான் என்னத்துக்குச் சத்தியம் பண்ணோணும்?” என்றேன். இரண்டொருவர் சிரித்தார்கள். நான் அல்லாஹ்வுக்குப் பயந்தவன், பொய்ச் சத்தியம் ஒருநாளும் செய்ததில்லை.

கடதாசியை நம்பினார்கள். மெயில் எழுதியதை மன்னித்தாலும் மன்னித்திருப்பார்கள். குர்ஆனைத் தொட்டுப் பொய் சொன்னவள் என்றாகிவிட்டபோது ஊர்விலக்கம் செய்துவிட்டார்கள். கடைக்காரர்கள் அவளுக்குச் சாமான் கொடுக்கவில்லை. சந்தியில் ஸலாம் சொன்னால் பதில் இல்லை. கடைசியில் ஸுல்பிகாவே மகளைக் கேட்டிருக்கிறார், உண்மையைச் சொல், நீதானே எழுதினாய் என்று. இவ்வளவு தூரம் போகும் என்று நான் கணக்குப் போடவில்லை.

றுமானா கடைக்கு ஓடி வந்தாள். “காக்கா, அது நான் எழுதின.”

“தெரியும்,” என்றேன்.

“மறுகா என்னத்துக்கு அவள்ட பேர?”

“நிக்காஹ் முடியட்டும், மறுகா கதைப்பம்.”

பள்ளிக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றாள். அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அவளை அறைக்குள் விட்டுப் பூட்டி, திறப்பை உம்மாவிடம் கொடுத்தேன். நேரத்துக்குச் சாப்பாடு போனது. அடிக்கவில்லை. நிக்காஹ் பதிவில் பெண்ணின் பொறுப்பாளராக, வலீயாக, நான் ஒப்பம் வைத்தேன். பெண்ணின் ஒப்பம் கேட்கப்படவில்லை. எங்கள் விவாகச் சட்டம் அதைக் கேட்பதில்லை, எல்லாம் சட்டப்படிதான்.

கல்யாணம் முடிந்த கிழமையில் நஸீறா கடலுக்குப் போனாள். கரைவலை இழுத்தவர்கள்தான் உடலைக் கண்டார்கள். ஜனாஸாவுக்கு ஆள் வரவில்லை. நான் போனேன். சந்தூக்குப் பெட்டியை மாற்றிப் பிடிக்கக்கூட ஆள் போதவில்லை, அடக்குகிற மையவாடி வரைக்கும் என் தோளிலேயே வந்தது. நான் அழுதேன், சேர். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

காப்பகம் நடக்கிறது. பொய்க்காரி ஒருத்தி எழுதியதை நம்பிவிட்டோமே என்று தோஹாக்காரர் மன்னிப்புக் கேட்டு முன்னையைவிடக் கூடுதலாக அனுப்புகிறார். பிள்ளைகள் இப்போதும் கொழும்புக்குப் போகிறார்கள். போன கிழமையும் ஒரு வேன் போனது.

இப்போது றுமானா உங்களிடம் வந்து, எழுதியது தான்தான் என்று சொல்லியிருக்கிறாள். தோஹாவிலிருந்து அசல் ஹெடரையும் எடுத்துவிட்டீர்கள். மாப்பிள்ளை தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். றுமானா நான் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு ஸுல்பிகாவிடம் போய் இருக்கிறாள். அந்த மனுசி இவளோடு ஒரு வார்த்தை கதைப்பதில்லையாம், இவளும் அங்கிருந்து வெளிக்கிடுவதில்லையாம். சின்னப்பிள்ளை, தனக்கு எது நல்லது என்று விளங்கவில்லை.

ஓம் சேர், பெயரை மாற்றியது நான். தெரிந்துதான் மாற்றினேன். ஆனால் நான் இவ்வளவு சொன்னது உங்களுக்கு விளங்குவதற்காக. ரிப்போட்டில் எழுதும்போது நஸீறாதான் எழுதினாள் என்றே போட்டுவிடுங்கள். மாப்பிள்ளையை நான் எப்படியும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மௌத்தானவளுக்கு இனி அதால் என்ன குறையப் போகிறது?