கலங்கல் என்றுதான் சொன்னார்கள்

“எங்க குழாயை உடைக்கறதுக்குப் பேரு ரோடு போடறதாடா? அதுக்கா உனக்குச் சம்பளம்?”

“நாங்க ரோடு போட்டு முடிச்ச மறுநாளே வந்து நோண்டறது யாரு? உங்க வாரியம்தானே?”

முதல் குரல் என் வீட்டுக்காரருடையது. இரண்டாவது அவர் தம்பியுடையது. இருவர் தட்டிலும் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் தண்ணீர் வாரியத்தில் புகார்களை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். இவள் என்ன அண்ணன் தம்பி சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறாள் என்று பார்க்காதீர்கள். அங்கே ஆரம்பித்தால்தான் விளங்கும். உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருக்கிறது. வீட்டுக்காரம்மா ஊரில் இல்லையோ? சரி, அது எனக்கெதற்கு.

அப்போது தண்ணீர் வாரியம் தனியாக இருந்தது. அதைக் கொண்டுபோய் மாநகராட்சியின் பொதுப்பணித் துறையோடு சேர்த்துவிடலாமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மாமன்றத்தில் ஓட்டெடுப்புக்குத் தேதி குறித்தாயிற்று. என் வீட்டுக்காரர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் இருந்தார். கொழுந்தன் பொதுப்பணியில் ரோடு மேற்பார்வை. அதனால் அந்த ஓட்டெடுப்பு எங்கள் வீட்டில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

நான் வாரியத்தின் புகார் போனில் இருந்தேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மேஜையில் இரண்டு போன். ஒன்றில் ஊர் பேசும். இன்னொன்றில் நான் ரிப்பேர் ஆட்களோடு பேசுவேன். தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிப்பவர்கள் மருமகள் சரியில்லை என்று முடிப்பார்கள். எந்த வீட்டில் விருந்தாளி வந்து தங்கிவிட்டார், எந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். நானாக எதையும் கேட்டதில்லை. அவர்கள் சொன்னார்கள், காது கொடுத்தேன்.

அன்றைக்குக் கொழுந்தன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான், “சேர்த்துட்டா முதல்ல போறது அண்ணியோட சீட்டுதான். மெஷின் வெச்சிடுவோம். அது வம்பு பேசாம புகாரை மட்டும் எடுத்துக்கும்.”

“மெஷினுக்கு ஊர்க்கதை தெரியாதேடா,” என்றார் என் வீட்டுக்காரர். என் பக்கம் பேசுகிறாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். என் ஓரகத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்களுடைய ஆறு வயதுப் பெண் ஒரு கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, என் குரலிலேயே, “வணக்கம், தண்ணீர் வாரியம். அப்புறம், மாமியார் என்ன சொன்னாங்க?” என்றாள். நானும்தான் சிரித்தேன். அவளுக்குச் ‘சின்ன வாரியம்’ என்று பெயர் வைத்ததே நான்தான். எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புகார் எடுக்கும் முறைக்கு வருகிறேன். தண்ணீர் சரியில்லை என்றால் எங்களுக்கு இரண்டே வார்த்தைதான். கலங்கல், நாற்றம். கலங்கல் என்றால் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொல்வோம், சரியாகிவிடும். நாற்றம் என்றால் சாக்கடை கலந்திருக்கிறது. உடனே ரிப்பேர் ஆட்களைக் கூப்பிட்டு, அந்தத் தெருவுக்கே தண்ணீரை நிறுத்தி, லாரியில் வேறு தண்ணீர் அனுப்ப வேண்டும். எந்த வார்த்தை என்று முடிவு செய்வது போனை எடுப்பவர். அதாவது நான்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய வாரம் கொழுந்தன் குடியிருந்த தெருவிலேயே மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டினார்கள். அவனுடைய ஆட்கள்தான். மறுநாள் காலையில் அந்தத் தெருவிலிருந்து ரிட்டயர்டான டிராயிங் மாஸ்டர் கூப்பிட்டார். “சாக்கடை நாத்தம்மா. வாயில வெக்க முடியல.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தோண்டுகிற இயந்திரத்தின் பல் எங்கள் குழாயிலும் பட்டிருக்கிறது, பக்கத்துச் சாக்கடையிலும் பட்டிருக்கிறது. ரிப்பேர் ஆட்களைக் கூப்பிட இரண்டாவது போனை எடுத்தேன். எடுத்து, திரும்ப வைத்தேன்.

நிதானமாக யோசித்துத்தான் வைத்தேன். அன்றே சரிசெய்திருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். மாமன்றக் கூட்டம் வரை விட்டால் பொதுப்பணிக்காரர்கள் கையில் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊரே பார்க்கும். ஒரு தெருவுக்கு வயிறு வலித்தால் ஊருக்கு நல்லது என்று கணக்குப் போட்டேன். இன்றைக்கும் அதில் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

“நாத்தமா சார், கலங்கலா? மண்ணு கலந்தாலும் அப்படித்தான் இருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றேன்.

படித்தவர் பாருங்கள், யோசித்தார். “கலங்கலாவும் இருக்கு,” என்றார்.

“அப்போ கலங்கல்தான். திறந்து விடுங்க.”

மற்றவர்களிடம் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ்காரர் கேட்டால் ஜனங்கள் தங்கள் மூக்கையே நம்புவதில்லை. ஓரகத்தியும் கூப்பிட்டாள். “அக்கா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது.”

“வாடையா? கலங்கலாம்மா?”

“என்னமோ, கலங்கல்னே வெச்சுக்கோங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அன்றைக்கு மத்தியானம் மறுபடி அதே வீட்டிலிருந்து போன். சின்ன வாரியம்.

“வணக்கம், தண்ணீர் வாரியம். இல்ல, இல்ல, அதை நீங்கதான் சொல்லணும்.”

சொன்னேன். சிரித்தாள். “பெரியம்மா, எங்க தண்ணி நாத்தமடிக்குது.”

அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான் வளைந்து கொடுக்காமல் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“நாத்தம்னு சொல்லக்கூடாதுடா கண்ணு. வாரியத்துல கலங்கல்னுதான் சொல்லணும். எங்கே, சொல்லு.”

“கலங்கல்,” என்றாள். கெட்டிக்காரி. ஒரே தடவைதான் சொல்லிக்கொடுத்தேன்.

அதற்கடுத்த நாட்களில் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் படுத்தார்கள். நான் சும்மா இருக்கவில்லை. பால் கடையில், காய்கறிக் கடையில், பஸ் நிறுத்தத்தில், “ரோட்டுக்காரங்க தோண்டினதுல ஏதோ ஆயிடுச்சாமே” என்று மட்டும் சொல்லிவைத்தேன். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். டிராயிங் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். தையல் கடைக்காரியின் அம்மா போனார். சின்ன வாரியம் கூட்டத்துக்கு முந்தின நாள் போனாள்.

கூட்டத்தில் யாரோ ஒரு உறுப்பினர் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து மேஜைமேல் வைத்தாராம். சேர்க்கும் தீர்மானம் தோற்றுப்போயிற்று. தோண்டிப் பார்த்தார்கள். குழாயில் இயந்திரத்தின் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். என் குழந்தையை நானே கொன்றுவிட்டேன் என்று அவன் எங்கள் கூடத்துச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். முட்டிய இடத்தில் நான்தான் கையை வைத்தேன், அடிபடாமல்.

விசாரணைக்கு ஆள் வந்தது. புகார் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது, கலங்கல் என்று வந்தது என்றேன். தெருவில் போய்க் கேட்டார்கள். உயிரோடு இருந்த எல்லோரும் ஆமாம், கலங்கல் என்றுதான் சொன்னோம் என்றார்கள். ஓரகத்தி எனக்காகச் சத்தியமே செய்தாள். “அக்கா கேட்டுக் கேட்டுத்தான் எழுதிக்கிட்டாங்க. நான்தான் கலங்கல்னு சொல்லித் தொலைச்சேன்.”

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, சொல்வதென்று வந்தபின் அதை மட்டும் எதற்குப் பிடித்துவைப்பது? குழந்தை படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். என் வீடு வேறு லைன், நல்ல தண்ணீர். வழியில் குடிக்க ஒரு பாட்டில் பிடித்துப்போயிருந்தேன். நான் குடிக்கும்போது அவள் கண் திறந்து, “பெரியம்மா, அந்தத் தண்ணி குடு,” என்றாள். மூடியைத் திருகிக்கொண்டே, “இது பெரியவங்க மருந்துத் தண்ணிடா,” என்றேன். ஓரகத்தி உள்ளே போய் அவர்கள் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்துவந்தாள். குழந்தை மூக்கைச் சுளித்தாள். “கலங்கல்,” என்றாள். குடித்தாள். பாட்டிலைக் கொடுத்திருந்தால் ஏன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தீர்கள் என்று ஓரகத்தி யோசித்திருப்பாள். அவளும் முட்டாள் இல்லை.

அப்புறம் வழக்கம்போல. கொழுந்தனும் ஓரகத்தியும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுப் பிரிந்தார்கள். குழாயை உடைத்தவன் நீ என்று அவள், கலங்கல் என்று சொன்னவள் நீ என்று அவன். அவன் வேறு ஊருக்குப் போய் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்து, அவர் தங்கையையே கட்டிக்கொண்டான். நான்தான் முன்னே நின்று நடத்திவைத்தேன். தையல் கடைக்காரி தெருவைக் காலி செய்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் ரிட்டயராகி, ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். சில வருஷம் கழித்து வாரியத்தை எப்படியோ சேர்த்துவிட்டார்கள், அதுதான் உங்களுக்கே தெரியுமே. இப்போது மெஷின் கேட்கிறதாம், கலங்கலுக்கு ஒன்றை அழுத்து, நாற்றத்துக்கு இரண்டை அழுத்து என்று. அது பாட்டுக்குக் கேட்கட்டும்.

ஓரகத்தி அவள் தம்பி வீட்டோடு இருக்கிறாள். வாரம் தவறாமல் எனக்குப் போன் பண்ணுவாள். “அன்னைக்கு நாத்தம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பொண்ணு இருந்திருப்பா இல்லக்கா?” என்பாள். “நீ என்னம்மா பண்ணுவே, விடு,” என்பேன்.

ஒவ்வொரு தடவையும் இது நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் கட்டினவரிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. என்னைப் போய் வம்பு பேசுகிறவள் என்றான் கொழுந்தன்.