வாசலில் நீல நாடா

கரமனையில் ஏறிய அம்மாவும் மகளும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்வதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"நம்மாத்து வாசக்கதவுல எதுக்குடி நீல நாடாவைக் கட்டினே?"

"மெதுவாப் பேசும்மா."

"உன் காலேஜ் ப்ராஜெக்டுக்கு நம்மாத்து மானந்தான் கெடச்சுதா?"

மகளின் மடியில் இருந்த பையில் மஞ்சளும் நீலமுமாகத் துணி நாடாக்கள்.

"மனசு நன்னாருந்தா மஞ்சள் கட்டணும். யாராவது வந்து பேசினாத் தேவலைன்னா நீலம். இதுல மானம் எங்கம்மா வந்தது?"

"தெருவுல எல்லாராத்துலயும் மஞ்சள்தான் தொங்கறது. எதிராத்து மாமி கோலம் போடறதை நிறுத்திட்டு என்னையே பாக்கறா. நேத்திக்கே அவுத்துப் போட்டேன். இன்னிக்குக் கார்த்தால மறுபடியும் கட்டி வெச்சிருக்கே!"

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் கட்டவே இல்லைம்மா."

"பின்ன நானா கட்டினேன்? ஆத்துல இருக்கறது நீ, நான்..."

அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள். மகள் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருப்பது பின்சீட்டில் எனக்கே கேட்டது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"அப்பா? என்னப்பா பண்ணிண்டிருக்கேள்?... ஒண்ணுமில்லைப்பா, சும்மாதான்."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நன்னாத்தான் இருக்காராம்மா."

அம்மா ஏற்கெனவே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்பவும் அப்படித்தான் சொல்லுவார். எறங்குடி."