கோலி தாண்டாத இடைவெளி

இவ்வுலகில் எவருக்கும் தலைவணங்காத, சிபாரிசுக்கு மசியாத, விடுப்பே எடுக்காத ஒரே அதிகாரி புவியீர்ப்பு விசைதான். அதற்கு அடுத்த இடத்தில் என்னை வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பெற்றோர் சங்கத் தலைவர் பதவியை மட்டும், மேடையில் முதல் வரிசை நாற்காலி கிடைக்கும் என்பதற்காக ஒப்புக்கொண்டேன்.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. குழு என்றால் தலைமையாசிரியை, அறிவியல் ஆசிரியை, மூலையில் மீன்தொட்டி. மூவரில் மீன்கள்தான் நான் பேசியபோது குறுக்கே பேசவில்லை. எழுதித் தருகிறேன். என் நோக்கம் மன்னிப்புக் கேட்பது அல்ல, பதிவில் உள்ள ஒரு பிழையைத் திருத்துவது.

நான் மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பவன். இந்த ஊரில் நீங்கள் ஏறி இறங்கும் பெட்டிகளில் பாதி என் கையெழுத்தின் பேரில்தான் தொங்குகின்றன. அப்படிப்பட்டவனின் மகள், மாணவர் அறிவியல் போட்டிக்குக் கோலி ரோலர் கோஸ்டர் செய்யப் போகிறாள் என்றால், வரைபடம் யாரிடமிருந்து வர வேண்டும் என்பதை நியாயமான எவரும் ஊகித்துவிடலாம்.

போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாஞ்சுக் குழாயை நீளவாக்கில் பிளந்தால் ஒரு வாய்க்கால் கிடைக்கும். அதை மூங்கில் குச்சிகளின் மேல் வளைத்து ஏற்றி இறக்கி ஒரு தடம் செய்ய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தடம் அறுந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் கோலி தாவிக் கடந்து, மறுபக்கம் இறங்கி, கடைசியில் தொட்டிக்குள் விழ வேண்டும். எவ்வளவு நேரத்தில் விழ வேண்டும் என்பதை நடுவர்கள் அன்று காலையில்தான் அறிவிப்பார்கள். அந்த நேரத்துக்கு மிக அருகில் வருபவருக்கு வெற்றி.

நான் வரைந்த தடத்தில் ஒரே ஒரு சுற்று இருந்தது. ஆள் உயரத்திலிருந்து விழுந்து, பெரிய வளையமாக ஒரு முழுச் சுற்று, பிறகு நேராகத் தொட்டி. கம்பீரமான வடிவம். என் மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய கூட்டாளி நின்றாள். அந்தப் பெண்ணின் பட்டப்பெயர் கோந்து. விரல்களில் எப்போதும் காய்ந்த பசை ஒட்டியிருக்கும். அவளைத் தவிர என் மகளுக்கு வேறு சிநேகிதி கிடையாது. இது எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

“அப்பா, இதுல கோலி சட்டுனு வந்துடும்பா” என்றாள் மகள்.

“வேகமா வரதுக்குப் பேருதானே ரோலர் கோஸ்டர்?”

“இல்லப்பா. அவங்க சொன்ன நேரத்துக்கு வரணும். அதான் போட்டியே.”

“உங்களுது ரொம்ப அழகா இருக்கு அங்கிள்” என்றாள் கோந்து. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், வேறு எதுவும் சொல்லத் தோன்றாதபோது சொல்வோமே, அந்தக் குரல்.

அவர்கள் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். அதைப் பார்த்தால் உங்களுக்கும் வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். மேலிருந்து கீழ்வரை சோம்பேறித்தனமான கோணல்மாணல் சரிவுகள். ஒவ்வொரு சரிவிலும் கம்பளித் துணிப் பட்டைகள், அவற்றைத் துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி வைத்திருந்தார்கள். நேரம் கூட்ட வேண்டுமானால் ஒரு பட்டையைச் சேர்ப்பது, குறைக்க வேண்டுமானால் ஒன்றை உருவுவது. கோலி அதன்மேல் மாதக் கடைசியில் அலுவலகம் போகிறவனைப் போலப் போனது. நான் அதற்கு நத்தைப் பாதை என்று பெயர் வைத்தேன். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெயரையே ஒரு அட்டையில் எழுதித் தடத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டார்கள்.

என் மனைவியிடம் முறையிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “ஏங்க, போட்டி அவளோடது. நீங்க போய் உங்க லிஃப்டைப் பாருங்க” என்றாள். ஒரு குடும்பத் தலைவனின் தொழில்முறைக் கருத்துக்கு என் வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

போட்டிக்கு முந்தைய நாள் மாலையே எல்லாத் தடங்களையும் பள்ளி அரங்கில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்பது விதி. இரவில் பெற்றோர்கள் வீட்டில் வைத்து ஏதாவது செய்துவிடுவார்கள் என்ற சந்தேகத்தால் ஏற்பட்ட விதி அது. நியாயமான சந்தேகம். பல் டாக்டரின் மகன் கொண்டுவந்த தடம் கடைவாய்ப் பல் கட்டியதைப் போல வழவழவென்று இருந்தது. கோலியை எந்த முனையில் விட வேண்டும் என்று அந்தப் பையன் திரும்பித் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு கட்டடக் கலைஞரின் மகள் தன் தடத்தைத் தொடவே பயந்தாள். அரங்கு நிறைய மீசை நரைத்த எட்டாம் வகுப்பு மாணவர்கள். இவர்களிடமிருந்து பிள்ளைகளின் உழைப்பைக் காப்பாற்ற நம்பகமான ஒருவரிடம் அரங்கின் சாவி இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். என்னிடம் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அது என் கடமை. நத்தைப் பாதையின் முன்னால் நின்றேன். தொழில்காரன் கண்ணுக்கு அதன் பலவீனம் உடனே தெரிந்தது. தடம் முழுவதும் மேசைமேல் வைத்த ஒரு ப்ளைவுட் பலகையின் மேல் நின்றது. அந்தப் பலகை மட்டமாக இருக்கும்வரைதான் கோலி இடைவெளியைச் சரியாகத் தாவும். ஒரு மூலை சற்று உயர்ந்தாலும் தாவல் பக்கவாட்டில் விலகிவிடும். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எச்சரிக்கலாம். நான் முன்பே எவ்வளவோ எச்சரித்திருந்தேன்.

பரிசளிப்புக்காக வாங்கிய புதுச் சட்டையை அன்று அலுவலகத்தில் பிரித்துப் போட்டுப் பார்த்திருந்தேன். சட்டை மடிப்புக்குள் வைத்திருந்த வெள்ளை அட்டை என் பையில் இருந்தது. அதில் ஒரு துண்டு கிழித்து, இரண்டாக மடித்து, பலகையின் பின்மூலைக்கு அடியில் செருகினேன். கண்ணுக்குத் தெரியாத உயர்வு. மின்தூக்கிப் பெட்டியின் வாசலில் இதைவிடக் குறைந்த பிசகுக்கு நான் சான்று மறுத்திருக்கிறேன். பிறகு விளக்கை அணைத்து, பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்தேன்.

இது வன்மம் அல்ல. என் மகள் என்னைக் கேட்காமல் ஒன்றைச் செய்தாள், அது ஓடிவிட்டால் வாழ்நாள் முழுவதும் யாரையும் கேட்காமலே செய்வாள். ஒரு தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

மறுநாள் தலைமை விருந்தினராக வந்தவர் டைல்ஸ் கடை முதலாளி. அரங்கின் தரைக்கு ஓடு கொடுத்தவர் என்ற தகுதியில் அறிவியல் பற்றி நீண்ட நேரம் பேசினார். “இன்னிக்குக் கோலி, நாளைக்கு ராக்கெட்” என்று அவர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், முதல் வரிசையில் இருந்தேன்.

நத்தைப் பாதையின் முறை வந்தது. கோந்து கோலியை விட்டாள். அது சரிவு சரிவாக இறங்கியது, பட்டைகளின் மேல் தயங்கியது, நேரம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது. என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இடைவெளியில் கோலி தாவி, மறுபக்கத்தின் விளிம்பில் பட்டு, தரையில் விழுந்து, டைல்ஸ் முதலாளி கொடுத்த ஓடுகளின் மேல் கணீரென்று உருண்டு போனது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அளவீடு கணக்கிட்டபடியே நிறைவேறுவதைப் பார்க்கும்போது ஏற்படும் அமைதி என்னுள் பரவியது. அதை மறைக்க விரும்பவில்லை.

பலகையின் மேல் ரசமட்டம் வைத்து, அதன் குமிழி நடுவில் நிற்கிறதா என்று மட்டம் பார்ப்பது கோந்துவின் வேலை. அறிவியல் ஆசிரியை அவளை என் முன்னால்தான் விசாரித்தார்.

“நான் பாத்தேன் மிஸ். குமிழி நடுவுலதான் நின்னுச்சு.”

“அப்ப கோலி எப்படிம்மா கீழ விழுந்துச்சு?”

“தெரியல மிஸ். ஆனா நான் பாத்தேன்.”

அவள் பொய் சொல்கிறாள் என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். ரசமட்டத்தைத் தொட்டிருக்கவே மாட்டாள். பிள்ளைகள் எவ்வளவு இயல்பாகப் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவள் விரல்களில் ஒட்டியிருந்த பசையை உரித்து உரித்துப் போட்டுக்கொண்டே அழுதாள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். “தேங்க்ஸ் அங்கிள்” என்றாள்.

வீட்டில் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டு வேலை என்றால் இப்படித்தான், யாராவது ஒருத்தர் காலை வாரிவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். “அவ பாத்தேன்னுதான்பா சொல்றா” என்றாள். “எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க” என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் கோந்துவோடு பேசவில்லை. வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தாளாம். கோந்து இடைவேளையில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் என் மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். “அப்பா, உங்க வரைபடத்தைக் காட்டுங்க. அடுத்த வருஷத்துக்கு” என்றாள். பல வருடங்களுக்குப் பிறகு என் வீட்டில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். நான் அதை ரசித்தேன். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடித்திருப்பேன்.

ஆனால் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியையின் அறிக்கையை வாசிக்கும் பொறுப்பு தலைவரான எனக்கு வந்தது. எழுந்து நின்று வாசித்தேன். நத்தைப் பாதை “ஒரு மாணவியின் கவனக்குறைவால்” தோற்றது, அவளை இனி அறிவியல் அணியில் சேர்ப்பதற்கில்லை என்று அதில் இருந்தது. முன்வரிசையில் கோந்துவின் அம்மா கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். அந்த அம்மாவுக்காக நின்றேன் என்று பிறகு சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை.

கவனக்குறைவு என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. ஒரு பலகையின் எந்த மூலை, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் விலகும் என்று கண்பார்வையிலேயே கணித்து, ஒரே ஒரு அட்டைத் துண்டால் சாதித்த வேலை அது. அதை ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் அசட்டைக்குக் கணக்கெழுதினால், தொழில் தெரிந்த எந்த மனிதனால் பொறுத்துக்கொள்ள முடியும்? காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “இதில் ஒரு திருத்தம் இருக்கிறது” என்றேன். சொன்னேன். அரங்கில் யாரும் கைதட்டவில்லை. என் மனைவி எழுந்து வெளியே போனாள்.

நேற்று உங்கள் அறையில் நடந்ததையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அறிவியல் ஆசிரியை பிடிவாதமாகச் சொல்வதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, மீன்தொட்டிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். நான் செய்முறையை விளக்கினேன். எந்த மூலை, எத்தனை மடிப்பு, எல்லாம். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. கோந்துதான் கையைத் தூக்கினாள்.

“அது நீங்க வெச்சதா அங்கிள்? புதுச் சட்டைக்குள்ள வருமே, வெள்ளையா, மடிச்சு?”

ஆமாம் என்றேன். கடைசியில் ஒருவராவது கவனித்திருக்கிறார்களே என்று கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

“காலையில ரசமட்டம் வெச்சப்ப குமிழி ஓரமாப் போச்சு மிஸ். குனிஞ்சு பாத்தா ஒரு அட்டை. எடுத்துக் குப்பைக்கூடையில போட்டுட்டேன். அப்புறம் குமிழி நடுவுக்கு வந்துடுச்சு. அதான் சொன்னேன், பாத்தேன்னு.”

“இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்றாள் என் மகள். அத்தனை நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“நீ எங்க பேச விட்ட?”

ஆசிரியை தன் கைபேசியில் படங்களைத் தேடினார். போட்டோக்காரர் நேற்றுதான் அனுப்பியிருந்தாராம். கோலி இடைவெளிக்கு வரும் நேரத்தில் எடுத்த படத்தில், டைல்ஸ் முதலாளி எங்கள் மேசையின் மேல் முழு உடம்பையும் சாய்த்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையின் அந்தப் பக்கம் நன்றாகவே தாழ்ந்திருந்தது. தலைமையாசிரியை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கோந்துவை மறுபடி அணியில் சேர்த்தாகிவிட்டது என்று சொன்னார். என் மகள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மீன்தொட்டியைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு சிரித்துவிட்டார்கள். அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

குற்றம் என்னுடையது. அதில் மாற்றம் இல்லை. அட்டையை வைத்தது நான்தான் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஆசிரியை வாசித்துக் காட்டிய குறிப்பின்படி, போட்டி தொடங்கிய நேரத்தில் அந்த அட்டை, வாசலில் இருந்த குப்பைக்கூடையில், ஒரு வாழைப்பழத் தோலுக்கு அடியில் கிடந்திருக்கிறது.