வரி கட்டாத ஒரு மைல்

தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரமாகும். இந்தக் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருங்கள் அம்மா. பூட்ஸைக் கழற்ற வேண்டாம். கல் தரைதானே, பிறகு துடைத்துக்கொள்வேன். காவல் நிலையத்துக்கு நான் போன் செய்தபோது எடுத்தவர் சிரித்துவிட்டார். "தானா வந்து குத்தத்த ஒத்துக்கிறவங்கள நாங்க பாத்ததே இல்ல சார்" என்றார். சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை. ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

என் பெயர் நார்மன் ஃபோதர்கில். ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் தேறியவர்கள். மீதிப் பேர் என்னிடம் தோற்றுவிட்டு, வேறு தேர்வாளரிடம் போய்த் தேறியவர்கள். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் தோல்வி. அழுதாலும் தோல்விதான். எங்கள் பாதிரியாரின் மனைவியை இரண்டு முறை தோற்கடித்தேன். அந்த அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குக் கேக் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். கேக்கையும் சாப்பிட்டேன், மூன்றாவது முறையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

என்ன குற்றம் என்கிறீர்களா? வருகிறேன். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொட்டகையில் நிற்கிறதே, பச்சை வண்டி, அதுதான். டீசல். நான்கு சக்கரமும் இழுக்கும். கீழே பெரிய சாலையிலிருந்து கிரேபெக் ஊருக்கு ஏறும் அந்த ஒரு மைல் மேட்டை நீங்களே பார்த்தீர்கள். பனி விழுந்துவிட்டால் மற்ற வண்டிகள் அடிவாரத்திலேயே வழுக்கி, வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போதெல்லாம் ஊரே என் கதவைத்தான் தட்டும். மருத்துவச்சியை ஏற்றி வந்திருக்கிறேன். ரொட்டி, பால், நாய்க்குத் தீனி எல்லாம் ஏற்றி வந்திருக்கிறேன். ஹிலரி ஆஸ்க்யூவுக்குக் கென்டல் நகரத்திலிருந்து, மாட்டுப்பாலுக்குப் பதிலாக அவர் குடிக்கிற பட்டாணிப் பால் வாங்கி வந்ததும் இதே வண்டியில்தான். யாரிடமும் ஒரு காசு கேட்டதில்லை.

ஹிலரி நாலு வீடு தள்ளி மேலே இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் கணவர் டெஸ்மண்ட் என் நண்பர். செவ்வாய்க்கிழமை தோறும் மதுக்கடையில் நானும் அவரும் ஜோடி சேர்ந்து, புள்ளிக் கட்டை அடுக்குகிற டாமினோ ஆடுவோம். நல்ல ஆட்டக்காரர் இல்லை. ஆனால் தோற்றுக்கொண்டே சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதர். இதயம் பலவீனம். படியேறினால் பாதியில் நின்று, சுவரில் தொங்குகிற படத்தைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்வார்.

பிறகுதான் அந்த வரி வந்தது. எந்த வண்டி எவ்வளவு புகை கக்குகிறதோ அதற்குத் தக்கபடி சாலை வரி என்றார்கள். வண்டிகளை வரிசை பிரித்ததில் என்னுடையது உச்சி வரிசையில் போய் உட்கார்ந்தது. வரி ஏறியது. மறு வருடம் இன்னும் ஏறியது. கட்ட முடியாதவன் இல்லை நான், எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அரசு கேட்டால் கட்ட வேண்டியதுதான். என்னைக் குத்தியது வரி இல்லை அம்மா, ஊர்.

ஹிலரி ஒரு குழு ஆரம்பித்திருந்தார். பூமியைக் காப்பாற்றுகிற குழு. ஒரு நாள் மதுக்கடையை விட்டு வெளியே வந்தால், என் வண்டியின் முன்கண்ணாடியில் அபராதச் சீட்டு மாதிரியே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "குற்றம்: அடுத்த தலைமுறையின் மூச்சைக் குடித்தது" என்று அச்சடித்திருந்தது. ஆயுள் முழுக்க ஒரு அபராதச் சீட்டு வாங்காதவன் நான். பசை காய்ந்துபோயிருந்தது, பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. டெஸ்மண்ட் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "கோச்சுக்காதய்யா. என் சட்டையிலயும் ஹிலரி ஒண்ணு ஒட்டியிருக்கா, நான் குடிக்கிற பீருக்கு."

அந்த மாதம் ஊர்க் கூட்டத்தில் ஹிலரி எழுந்தார். "வரி ஏறிருச்சுன்னு சில பேரு மூஞ்ச தூக்கி வெச்சிருக்காங்க. என்னக் கேட்டா இதுவே பத்தாது. ரெண்டு மடங்காக்கணும். இந்த மாதிரி வண்டி இல்லாமலே நம்ம ஊரு நல்லா இருக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். போன பனிக்கு நான் ரொட்டி கொண்டுவந்து கொடுத்த கைகள்தான் எல்லாம். ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ.

நான் கோபப்படவில்லை. எழுந்து நின்று, மரியாதையாக, "சரி, அப்படியே ஆகட்டும்" என்றேன். நம் நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட மாட்டேன் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வரியே கிடையாது. எழுதிக் கொடுத்தேன். காப்பீட்டையும் நிறுத்தினேன். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அதற்கும் ஊர் கைதட்டியது. ஹிலரி என் கையைக் குலுக்கி, "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு நார்மன்" என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

டெஸ்மண்டுக்கு மட்டும் பிடிக்கவில்லை. டாமினோ கட்டைகளைக் கலைத்துக்கொண்டே, "யோவ், வண்டிய அடைச்சு வெச்சு யாருக்குய்யா தண்டன குடுக்குற? பனி வந்தா மொத ஆளா நான்தான்யா போவேன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார்.

வண்டியைப் பாழாக விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு தவறாமல் கொட்டகைக்குள்ளேயே இயக்கிச் சூடேற்றுவேன். சக்கரத்தில் காற்று பார்ப்பேன். எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தது. என் சொந்த நிலத்தில் அது என் உரிமை.

இந்த ஜனவரியில் பனி எப்படிப் பெய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் வேலிகளைக் காணோம். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கதவு தட்டப்பட்டது. ஹிலரி. தலையில் குல்லாய்கூட இல்லை. டெஸ்மண்டின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், காலுக்குப் பெரிது.

"நார்மன், அவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸு கீழ ரோட்டுல நிக்குது, மேட்டுல ஏற மாட்டேங்குது. மூடுபனில ஹெலிகாப்டரும் வராதாம். எப்படியாவது கீழ கொண்டாங்க, நாங்க பாத்துக்கிறோம்னு சொல்றாங்க. வண்டிய எடுங்க."

"வண்டி சாலையில ஓடக்கூடாது ஹிலரி. எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாம். ஒரு மைலுதான."

"ஒரு மைலும் பொதுச் சாலைதான். காப்பீடும் இல்ல. ஏதாவது ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வகுப்பில் தப்பாகக் கூட்டிய பையனைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு முகம் மாறிவிட்டது. "அந்தச் சீட்ட ஒட்டுனது தப்பு. மன்னிச்சிருங்க. கூட்டத்துல பேசினதும் தப்பு. ஊரு முன்னாலயே சொல்றேன். இப்ப வாங்க, ப்ளீஸ்."

உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. அதைக் கேட்க இதமாக இருந்தது. வெகுநாளாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அப்போதே சொன்னேன். உள்ளே வந்து அடுப்போரம் உட்காரச் சொன்னேன். ஆனால் மன்னிப்பு வேறு, சட்டம் வேறு. அதை அவருக்கு விளக்கினேன். உச்சி வரிசை எது, அடுத்த வரிசை எது, எந்தப் புகைக்கு எந்த வரி என்று முதலிலிருந்து சொன்னேன். அவருடைய குழு ஒட்டிய சீட்டிலேயே என் வண்டியின் வரிசை எண் தவறாக இருந்தது என்பதையும் சொன்னேன். படித்தவர், புரிந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கவனிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதக் குடுங்க. நானே ஓட்டுறேன்."

கொடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். காப்பீடு இல்லாத வண்டியை ஓட்ட இன்னொருவரை அனுமதிப்பதும் குற்றம்தான். தவிர, ஹிலரி என்னிடம்தான் ஓட்டிக் காட்டித் தேர்வு கொடுத்தவர். மேட்டில் நிறுத்திக் கிளப்பத் தெரியாமல் வண்டியைப் பின்னால் உருளவிட்டவர். சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரையும் தள்ளவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆடு வளர்க்கிற பிர்க்கெட்டுக்குப் போன் செய்து பாருங்கள், அவரிடம் டிராக்டர் இருக்கிறதே என்று யோசனையும் சொன்னேன்.

"பண்ணியாச்சு. அவரு மலையில ஆடு தேடப் போயிருக்காராம்." கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "நீங்க அவரோட டாமினோ ஆடுவீங்களே நார்மன்."

"அது வேற, இது வேற ஹிலரி."

கேட்டுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். முந்தின நாளே அந்த இடத்தில் பனி இளக உப்புத் தூவியிருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அவர் போனதும் தூவினேன்.

பிர்க்கெட்டின் டிராக்டர் பிறகு வந்தது. பின்னால் ஆடு ஏற்றுகிற பெட்டியில் வைக்கோல் பரப்பி, டெஸ்மண்டைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். என் ஜன்னலைத் தாண்டித்தான் போனது. ஹிலரி கூடவே உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி மேட்டிலேயே முடிந்துவிட்டதாம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் ஏதோ சொன்னார்களாம். அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை. நல்ல நண்பர் அம்மா. அவரை மாதிரி இன்னொரு ஜோடி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

மறுநாள் பிர்க்கெட் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "ஏன்யா, சட்டம் பேச உனக்கு அன்னிக்குத்தான் நாள் கெடச்சுதா? நீயெல்லாம் மனுசனா?" என்றார். படிக்காதவர், நாக்கு அப்படி. பாதிரியாரின் மனைவி தெருவைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போகிறார். சட்டப்படி நடந்தவனை ஊர் இப்படித்தான் நடத்தும் போலிருக்கிறது. இதற்கெல்லாம் நான் உங்களைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு நான் எந்தத் தவறும் செய்யவில்லை. எழுதிக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினேன்.

இதோ, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். தேநீர் ஆறிவிடப் போகிறது, குடியுங்கள்.

அடக்க நாள் அன்றும் பனி கரையவில்லை. சவ ஊர்தி மேடேற முடியாமல் அதே அடிவாரத்தில் நின்றுவிட்டது. மேலே தேவாலயத்தில் ஊரே காத்திருக்கிறது. அடக்க ஏற்பாட்டுக்காரர் போன் செய்து, "ஐயா, உங்ககிட்ட ஒரு வண்டி இருக்குன்னு கேள்விப்பட்டோம்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை நான். கருப்புக் கோட்டைப் போட்டேன். பின்னிருக்கைகளை மடக்கி, சுத்தமான கம்பளி விரித்தேன். முதல் திருகலிலேயே கிளம்பியது.

கீழே ஹிலரி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கி, தொப்பியைக் கழற்றினேன். மாட்டேன் என்பாரோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். டெஸ்மண்டை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏறினேன். ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. ஒரு உலுக்கல் இல்லை. வளைவில் மட்டும் வேகத்தைக் குறைத்தேன், அவர் அலுங்கக்கூடாது என்று. சொல்லப்போனால் சில நிமிடம்தான் ஆனது.

தேவாலய வாசலில் இறங்கும்போதுதான் ஹிலரி வாயைத் திறந்தார். "வண்டி நல்லா ஓடுது நார்மன்" என்றார்.

அந்த நிலையிலும் பாராட்டத் தோன்றியதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொன்னேன்.

அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. வரி கட்டாத, காப்பீடு இல்லாத வண்டியை, பொதுச் சாலையில், தெரிந்தே ஓட்டினேன். அபராதம் எதுவானாலும் கட்டிவிடுகிறேன். சாக்குச் சொல்லப் போவதில்லை. ஏன் ஓட்டினேன் என்று கேட்பார்கள், அதையும் அப்படியே எழுதுங்கள்: நண்பன் ஒருவனுக்கு ஆபத்தென்றால், மனிதனாகப் பிறந்தவன் சட்டத்தைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.