புள்ளி விழுந்த முப்பது செடிகள்

குளிர் கொஞ்சும் ஏலகிரி மலையின் குன்றாத உழைப்பாளிகளே! இந்த மேடையின் தலைமை இருக்கைக்குப் பெருமை சேர்க்கும் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவி தேவகி அம்மையார் அவர்களே! சால்வை போர்த்தி என்னைத் தலைகுனிய வைத்துவிட்ட பெரியோர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பேரணாம்பட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கும் என் டேனரித் தோழர் ஷபீ அஹமது அவர்களே! அனைவருக்கும் இன்பராஜின் பணிவான வணக்கம்.

"நோயை வென்ற திராட்சையை நமக்குத் தந்த நாயகன்" என்றார் அம்மையார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் நாயகனா? நாசக்காரனா? நேற்று மாலையிலிருந்து குழம்பிப் போயிருக்கிறேன். எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்றுகூடப் புரியவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள், தோல் பதனிடும் டேனரியில் தோலைத் தரம் பிரித்தவன் நான். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தடவி, ஒரு முள் கீறலா, தள்ளு! ஓர் உண்ணிக் கடியா, தள்ளு! புள்ளி இல்லாததே பொன் என்று பழகிய விரல் இது.

ஓய்வு பெற்று மலையேறி வந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப் பண்ணை எனக்கு அறுபது செடிகள் தந்தது. எல்லாம் ஒயினுக்கான சிவப்புத் திராட்சை. முப்பது, குளிரிலும் பனியிலும் மருந்தில்லாமல் நோயைத் தாங்கும் புது ரகம். முப்பது, ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான ரகம். பீன்ஸ் விளைந்த தன் அரை ஏக்கரை நம்பிக் கொடுத்தவர், இதோ அமர்ந்திருக்கும் செல்லம்மாள். செடிகளில் கட்டியிருந்த அடையாளச் சீட்டுகளை ஆடு தின்றுவிட்டது. எது எந்த ரகம் என்று தெரியாமல் போனது. சிரிக்காதீர்கள், ஆடு செய்தது சின்னத் தப்பு!

நட்ட ஆண்டே கார்த்திகைப் பனி இறங்கியது. அடிச்சாம்பல் நோயும் கூடவே இறங்கியது. மூன்றாம் நாள் பார்த்தால், முப்பது செடிகளின் இலைகளில் குண்டூசித் தலை அளவில் கறுப்புப் புள்ளிகள். மற்ற முப்பதும் பளபளவென்று நிற்கின்றன. என் விரல் சும்மா இருக்குமா? "தள்ளு" என்றது.

செல்லம்மாள் தடுத்தார். "அண்ணா, செடி தெம்பாத்தான நிக்குது? ரெண்டு நாள் பாக்கலாமே."

"உனக்கு இன்னாம்மா தெரியும்? நான் லட்சம் தோல் பாத்தவன்" என்றேன். முப்பதையும் பிடுங்கித் தீ வைத்தேன்.

அடுத்த வாரம் மிச்சமிருந்த முப்பதின் இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணம்! பயந்துபோய், யாருக்கும் சொல்லாமல் ஒவ்வொரு பனிக்கும் இரண்டு முறை மருந்து அடித்தேன். பிழைத்தன, காய்த்தன. மருந்தே காணாத செடி என்று சங்கத்தில் பொய்யும் சொன்னேன். அது என் வாய்தான், வேறு யாருடைய வாயும் அல்ல.

நேற்று நாற்றுப் பண்ணையிலிருந்து கிறிஸ்டினா என்ற பெண் வந்தார். புள்ளிக் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, புது ரகத்துல கிருமி பட்ட எடத்த செடியே காய வெச்சுடும். அதுக்கு மேல நோய் பரவாது. அந்தப் புள்ளிதான் ஐயா அடையாளமே!"

என்ன பாய்? சத்தமாகக் கேளுங்கள்! "இன்னா இன்பா, நல்லதப் புடுங்கிட்டு கெட்டத வெச்சிட்டியா?" என்கிறார் ஷபீ பாய். ஆமாம் பாய், ஆமாம்!

தோல் செத்தது, புள்ளி அதற்குக் குறை. இலை உயிருள்ளது, புள்ளி அது போராடிய தடம்! அடியே படாதது உயர்வா? அடியைத் தன்மேல் வாங்கி, அங்கேயே நிறுத்தியது உயர்வா? லட்சம் தோலைத் தடவிய விரல் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டதா?

ஆகவே இன்று நடவுக்குக் குச்சி வாங்க வந்திருக்கும் நாற்பது குடும்பத்தாரையும் கைகூப்பிக் கேட்கிறேன். என் செடிகளிலிருந்து வெட்டி, மேடைக்குக் கீழே ஈரச்சாக்கில் கட்டி வைத்திருக்கும் குச்சிகளை எடுத்துப் போகாதீர்கள்! அவை வழக்கமான ரகம். பனிக்குப் பனி மருந்து கேட்கும், கேட்டது கிடைக்காவிட்டால் உங்கள் தோட்டத்தையே அழிக்கும். அம்மையாரே, சால்வையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

புது ரகத்தில் மறுபடி முப்பது செடி தருவதாகக் கிறிஸ்டினா சொல்லியிருக்கிறார். நடத்தான் நிலமில்லை. மூன்று ஆண்டு விளைச்சலைக் கெடுத்தவன் எந்த முகத்தோடு கேட்பேன்? இருந்தும் கேட்கிறேன். செல்லம்மா, என்னை மன்னிப்பாயா? நிலம் தருவாயா?

எழுந்துவிட்டார். மேடைக்கு வருகிறாரா, வீட்டுக்குக் கிளம்புகிறாரா, தெரியவில்லை. சொல்லும்மா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"நெலம் குடுக்குறேண்ணா. ஆனா செடிமேல நீ கை வெக்கக் கூடாது!"

அவையோரே, இந்த நிபந்தனையை உங்கள் முன்னிலையில் ஏற்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட அந்தத் தாய்க்கும் நன்றி. வணக்கம்.