சவுரிமுத்து என் சங்கிலியை அறுக்கவில்லை

பெயர் ஜெயக்கொடி, வயது 67, காலஞ்சென்ற ஏகநாதன் மனைவி, சேலையூர், கிழக்குத் தாம்பரம். 14.8.1992 அன்று கேளம்பாக்கம் காவல் நிலையத்தில் நானே வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

வயதாகிவிட்டதால் பதற்றத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று எங்கள் தெருவில் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அது சரியல்ல. என் பார்வையும் நினைவும் நன்றாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

என் கணவர் இறந்தபின் நான்கு வருடமாக, ஞாயிறு காலையில் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரைக்குப் போய், அவருடைய தூண்டில் கம்பால் கரையில் நின்று மீன் பிடிப்பேன். அங்குள்ள மீனவர் சவுரிமுத்து எனக்கு இரை கொண்டுவந்து தருவார். கரையில் தூண்டில் வீசுகிறவர்கள் வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்கள். நாலு பேர் நடுவில் கத்துவது எனக்குப் பிடிக்காது. நான் ஒருநாளும் குரல் கொடுத்ததில்லை.

9.8.1992 காலை ஏழு மணிக்கு நான் கம்பை ஓங்கியபோது, பின்னாலிருந்து சவுரிமுத்து, "இரும்மா, வீசாத, பின்னால நான் கீறேன்" என்று கத்தினார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் தெரு ஸ்ரீநிவாசன் குடும்பத்தோடு காரில் வந்து பக்கத்தில் நின்றிருந்தார். அவர்கள் எதிரில் ஒருவர் என்னை அதட்டுவதா என்று வீசினேன். அதன் பிறகு கையில் கனம் தெரிந்தது. எதிலோ மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை சுண்டி இழுத்தேன். தூண்டில் முள் சவுரிமுத்துவின் இடது கண் இமையில் இருந்தது.

அவர் வலியில் தூண்டிலின் தங்கூசி நூலைப் பிடித்து இழுக்க, அது என் தோளைச் சுற்றிக் கழுத்துச் சங்கிலியில் சிக்கி, சங்கிலி அறுந்து மணலில் விழுந்தது. அதன் பிறகு ஸ்ரீநிவாசன் ஓடிவந்து, "என்ன மேடம், செயினை அறுத்துட்டானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவரும் டிரைவரும் சவுரிமுத்துவை அடித்தார்கள். முள் அப்போதும் இமையில்தான் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து சங்கிலியில் ஒட்டிய மணலைத் துடைத்தேன். அதன் பிறகு இதே நிலையத்தில், திருட வந்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நேற்று மாலை சவுரிமுத்துவின் மனைவி புஷ்பம் என் வீட்டுக்கு வந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், கட்டிலருகே போலீஸ் காவல் இருப்பதாகவும், பார்வை திரும்புமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கண்ணுல முள்ளு வாங்கினதும் அவரு, திருடன்னு பேரு வாங்கினதும் அவரே. உனக்கு இன்னாம்மா கெடச்சுது, ரெண்டு கிழங்கான் மீனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். என்னை ஒருமையில் பேசியதை நான் குறையாகச் சொல்லவில்லை.

என் முதல் வாக்குமூலத்தை ரத்து செய்து, ஆஸ்பத்திரிக் காவலை எடுத்துவிட வேண்டும். இதில் உள்ளவை நடந்தபடியே உள்ளன. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டு, 'தெரியாமல் வீசினேன்' என்று ஏட்டு எழுதியிருந்ததை அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டேன்.

சவுரிமுத்து விடுவிக்கப்பட்ட தேதியையும், என்மேல் என்ன வழக்கு என்பதையும் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

(ஒப்பம்) ஜெயக்கொடி ஏகநாதன்